இந்த ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது?

சுவிட்சர்லாந்தில் எங்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் நின்று தவறாமல் சொல்வது இது: "கொடுத்து வெச்சவங்க." சித்தி லூசெர்னில் சொன்னார். கணவரின் அண்ணன் ஜெனீவாவில் சொன்னார். போன கோடையில் அம்மா ஜூரிச்சில் சொன்னார். கேட்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். ஏன் உறுத்துகிறது என்று எடுத்துச் சொல்ல வராது. நல்ல இடத்தைப் பார்த்து மனம் நிறைந்து சொல்கிறார்கள், அதில் என்ன குறை? ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு தீர்ப்பும் சேர்ந்தே இருக்கிறது. இது இவர்களுக்கு வாய்த்தது, நமக்கு வாய்க்கவில்லை, இதில் யாரும் செய்ததும் இல்லை, செய்யாமல் விட்டதும் இல்லை என்கிற தீர்ப்பு. பனிமலை வேண்டுமானால் அப்படி வாய்த்திருக்கலாம். லட்சக்கணக்கான பேர் குளித்து, துவைத்து, கழிவறைக்குப் போய்வரும் ஒரு நகரத்தின் நடுவில் குடிக்கத் தகுந்த ஏரி ஒன்று இருப்பது தானாக வாய்க்காது. இதை இன்றைக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அப்பா, அவர் அன்றைக்குக் கேட்ட ஒரு கேள்வி.

நாங்கள் இருப்பது பாசெலில். அப்பா அம்மா ஈரோட்டுப் பக்கம். அப்பா குடிநீர் வடிகால் வாரியத்தில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து, காலமெல்லாம் குழாய், மோட்டார், மேல்நிலைத்தொட்டி என்று அலைந்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தலில் உட்காருவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துவிடுவார். இங்கே வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு குறைந்திருந்தது. மொழி தெரியாத ஊர், பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை, வேலை என்று ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து டிராம்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால்தான் ஒரு சனிக்கிழமை எல்லோருமாகக் கிளம்பினோம். எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அது இல்லாமல் கிளம்ப மாட்டேன் என்று அம்மா எடுத்துக்கொண்ட ஊறுகாய் பாட்டில். வேகமான ரயிலில் பாசெலிலிருந்து ஜூரிச் ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான்.

ஸ்டேஷனிலிருந்து ஏரிக்குப் போகும் பான்ஹோஃப் தெரு உலகத்தின் விலை உயர்ந்த கடைத்தெருக்களில் ஒன்று. 1860-களில் பழைய கோட்டை அகழியைத் தூர்த்துப் போட்ட தெரு அது. கைக்கடிகாரக் கடைகளை அம்மா நின்று நின்று பார்த்தார். அப்பா ஒரு கடையையும் பார்க்கவில்லை. ஒரு சந்து முனையில் கல் தொட்டியும் பித்தளைக் குழாயுமாக இருந்த நீரூற்றின் முன்னால் நின்றுவிட்டார். ஜூரிச்சில் இந்த மாதிரி 1,200-க்கும் மேல் இருக்கின்றன, எல்லாமே குடிக்கலாம். அப்பா உள்ளங்கையில் பிடித்து முதலில் மோந்து பார்த்தார், அப்புறம் குடித்தார், அப்புறம் இன்னொரு கை. "குளோரின் வாசமே இல்லையே" என்றார். இந்த ஊர்க் குடிநீரில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏரித் தண்ணீர்தான், மீதி ஊற்றும் நிலத்தடி நீரும் என்று என் கணவர் சொன்னார். ஏரியில் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் எடுத்து, ஓசோன் செலுத்தி, மணலிலும் கரியிலும் வடிகட்டி விடுகிறார்கள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அதன்பிறகு ஏரி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பனிமலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு

தெரு முடிகிற இடம் பூர்க்லி சதுக்கம். அங்கே கட்டடங்கள் விலகி ஏரி திறக்கும். அன்றைக்கு வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. தெற்கே கிளாருஸ் மலைகள், மேலே பனி, முன்னால் வெள்ளைப் படகுகள், படிக்கட்டில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்கள். சின்னவள் அன்னப்பறவைகளைப் பார்த்துக் கத்தினாள். அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த வார்த்தையைச் சொன்னார். அப்பா மட்டும் மலைக்கு முதுகைக் காட்டி நின்று நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் சரிவில் அடுக்கடுக்காக ஏறிப்போகும் வீடுகள், நடுவில் ஏரியிலிருந்து கிளம்பி ஊருக்குள் ஓடும் லிம்மாட் ஆறு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனம்மணி, இந்த ஊர்ச் சாக்கடையெல்லாம் எங்க போகுது?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, ஊரு பாக்க வந்த எடத்துல கேக்கற கேள்வியா இது?" அப்பா விடவில்லை. கையை நீட்டிக் காட்டிப் பேச ஆரம்பித்தார். இங்கே வந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை. "ஊரு மேட்டுல இருக்குது. ஏரி பள்ளத்துல இருக்குது. தண்ணி பள்ளத்துக்குத்தான் வரும். இத்தனை வீட்டுத் தண்ணியும் இந்த ஏரிக்குள்ளதான் வந்திருக்கணும். ஆனா இதையேதான் குடிக்கறாங்கன்னு மாப்பிள்ளை சொல்றாரு. அப்படின்னா நடுவுல எங்கியோ ஒருத்தன் மறிச்சுத் திருப்பி விட்டிருக்கான். அவன் எங்க மறிச்சான், எங்க கொண்டு போய் விட்டான், அதைத்தான் கேக்கறேன்."

எனக்குப் பதில் தெரியாது. ஆனால் அந்த நிமிடத்தில், இத்தனை வருடம் உறுத்திக்கொண்டிருந்த விஷயத்துக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. எல்லோரும் மலையைப் பார்த்து நின்ற இடத்தில் அப்பா மேட்டையும் பள்ளத்தையும் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, இது தானாக இப்படி இருக்க முடியாது, யாரோ வேலை செய்திருக்கிறார்கள் என்று. கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் கிடக்கும் அந்த வேலையை, மொழி தெரியாத ஓர் ஊரில், ஒரு பலகையைக்கூடப் படிக்காமல் அவர் கண்டுபிடித்தார். அதே தொழில் செய்தவருக்குத்தான் அது தெரியும். எனக்கு அப்பாவைப் பற்றி அவ்வளவு பெருமையாக இருந்தது. கணவர் அங்கேயே போனை எடுத்துப் படித்துச் சொன்னது கொஞ்சம், வீட்டுக்கு வந்து நானாகத் தேடிப் படித்தது மீதி.

முதல் விஷயம், நாங்கள் நின்றிருந்த தரையே ஏரிதான். பூர்க்லி என்பது ஒரு மனிதரின் பெயர். அர்னால்டு பூர்க்லி, 1860 முதல் 1882 வரை ஜூரிச்சின் நகரப் பொறியாளர். 1881-லிருந்து 1887 வரை ஏரியோரத்தைத் தூர்த்துக் கரை கட்டி, அந்த நடைபாதையையும் பூங்காக்களையும் உண்டாக்கிய வேலைக்குத் தலைமை ஏற்றவர் அவர். ஜூரிச் நகரமும் அன்றைக்குத் தனி ஊர்களாக இருந்த பக்கத்து ஊர்கள் இரண்டும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு அதைச் செய்தன. இன்றைக்கு எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஏரிக்கரை, மரங்கள் உட்பட, மனிதர்கள் முடிவெடுத்துப் போட்ட மண். கரை கட்டியவர் பெயரில் ஒரு சதுக்கம் இருப்பது எங்கேயும் நடப்பதுதான். என்னைப் பிடித்து நிறுத்தியது அதே மனிதர் அதற்கு முன்னால் செய்த இன்னொரு வேலை. அப்பா கேட்டது அதைத்தான்.

வாளிகளின் காலம்

பழைய ஜூரிச்சில் வரிசை வீடுகளுக்குப் பின்னால், ஆள் நுழைய முடியாத ஒடுக்கமான சந்துகள் இருந்தன. கழிவறைகள் மேலிருந்து நேராக அந்தச் சந்துக்குள் விழும். வைக்கோல் போட்டு வைத்து, அவ்வப்போது அள்ளி வயலுக்கு உரமாகக் கொண்டு போவார்கள். மழை பெய்தால் வழிந்து ஆற்றுக்குப் போகும். இடைக்காலத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை இப்படித்தான். 1867-இல் காலரா வந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். அதே ஆண்டில் பூர்க்லியின் திட்டப்படி நகரம் வேலையைத் தொடங்கியது. தெருவுக்கடியில் சாக்கடைக் குழாய்கள், ஒவ்வொரு வீட்டுக் கழிவறைக்குக் கீழேயும் ஒரு வாளி. கெட்டியானது வாளியில் தங்கும், தண்ணீர் மட்டும் குழாய்க்குள் போகும். நிரம்பிய வாளியை நகராட்சி ஆட்கள் வந்து மாற்றிவிட்டுப் போவார்கள். இன்றைக்கு வங்கிகளும் நகைக்கடைகளும் நிற்கிற ஊரில் 1920-கள் வரை இந்த வாளிகள் இருந்தன. அந்த வாளிகளைத் தூக்கியவர்களின் பெயர் எந்தச் சதுக்கத்திலும் இல்லை. அவர்களையும் இந்த ஏரியோடு சேர்த்து நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதோடு முடிந்துவிடவில்லை. 1884-இல் டைபாய்டு. ஆற்றிலிருந்து எடுத்து வடிகட்டிய குடிநீரில் கழிவு கலந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் குடிநீருக்காக ஏரிப் பக்கம் திரும்பினார்கள். 1926-இல் ஊருக்குக் கீழே, லிம்மாட் கரையில், வெர்ட்ஹோல்ஸ்லி என்ற இடத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. ஆக, அப்பா கேட்டதற்கு விடை இதுதான். கழிவை ஏரிக்குள் விடாமல் மறித்து, ஊரைத் தாண்டிக் கொண்டு போய், சுத்தம் செய்து ஆற்றில் விட்டார்கள்.

நகரம் தன் கழிவை ஏரிக்கு விடாமல் திருப்பிவிட்டாலும், ஏரியைச் சுற்றி வேறு ஊர்களும் இருக்கின்றன. 1890-களின் கடைசியிலேயே ஜூரிச் ஏரியில் ஒரு சிவப்புப் பாசி பெருகித் தண்ணீர் நிறம் மாறியது. சாக்கடையிலும், பிற்பாடு துணி சோப்புத்தூளிலும் இருக்கும் பாஸ்பேட் பாசிக்கு உரம். பாசி செழித்து, செத்து, அடியில் போய் அழுகும்போது அங்கே இருக்கும் ஆக்சிஜனையெல்லாம் தின்றுவிடும். அடியில் மீன் முட்டைகள் மூச்சு முட்டிச் சாகும். நாட்டின் பல ஏரிகளுக்கும் இதே கதி. ஜூரிச்சுக்கு மேற்கே இருக்கும் ஹால்வில் ஏரிக்கு 1980-களில் குழாய் இறக்கி, ஆஸ்பத்திரியில் வைப்பது மாதிரி, ஆக்சிஜன் கொடுக்க ஆரம்பித்தார்கள். சுவிட்சர்லாந்தில் 1965-இல் வெறும் 14 சதவீத மக்களின் கழிவுநீர்தான் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. நான் இதைக் கணவரிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். 1965 என்பது அப்பா சிறுவனாக இருந்த காலம். அவர் காவிரியில் குதித்துக் குளித்துக்கொண்டிருந்தபோது, "கொடுத்து வைத்த" இந்த நாடு தன் ஏரிகளைச் சாக்கடையாக்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தது எப்படி என்பதில் அதிசயம் எதுவும் இல்லை. 1953-இல் நீர்நிலைப் பாதுகாப்பை அரசியலமைப்பில் சேர்க்க மக்கள் வாக்களித்தார்கள். சட்டம் வந்தது, போதவில்லை என்று இன்னும் கடுமையான சட்டம் வந்தது. ஊர் ஊராகக் குழாய் பதித்தார்கள். 1986-இல் துணி துவைக்கும் தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்தார்கள். இன்றைக்கு 97 சதவீதத்துக்கும் மேல் இணைப்பு இருக்கிறது. அதற்கான கட்டணம் ஒவ்வொரு வீட்டிலும் வசூலாகிறது, எங்கள் வீட்டிலும்தான். 2018-லிருந்து வெர்ட்ஹோல்ஸ்லியில் மருந்து மாத்திரைகளின் மிச்சத்தை அழிக்க ஓசோனும் சேர்ந்துகொண்டது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சிவப்புப் பாசி ஜூரிச் ஏரியை விட்டுப் போகவில்லை. ஏரிக்கரையில் கில்ஷ்பெர்க் என்ற ஊரில் ஜூரிச் பல்கலைக்கழகத்தின் ஏரி ஆய்வு நிலையம் இருக்கிறது. பருவநிலை மாறிக் குளிர்காலம் இளகிப் போவதால் ஏரியின் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் முன்பு போல நன்றாகக் கலப்பதில்லை, அதனால் பாசி தப்பித்துக்கொள்கிறது என்று அங்கே இருப்பவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்குப் படித்துச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பராமரிப்புன்னா அப்படித்தான் அம்மணி, ஒரு நாளும் முடியாது" என்றார்.

குன்மிங் கொடுத்த தோட்டம்

ஏரியின் வலது கரையோரமாக நடந்தோம். வழியெல்லாம் ஜனங்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். கரைப் படிகளில் இறங்கி யாரும் நீந்தலாம், காசு இல்லை. கணவரும் பெரியவனும் தண்ணீரில் இறங்க, அப்பா துணிகளைக் காவல் காத்தார். நடைபாதை முடியும் தருவாயில், புல்வெளிக்குப் பக்கத்தில், சிவப்பு மதில் சூழ்ந்த ஒரு சீனத் தோட்டம் வருகிறது. குளம், பாலம், மூங்கில், வளைந்த கூரை. இது எதற்கு இங்கே என்று அம்மா கேட்டார். அதன் கதையைப் படித்ததும் எங்கள் எல்லோருக்கும் அன்றைய நாள் வேறு மாதிரி ஆகிவிட்டது.

சீனாவின் குன்மிங் நகரம் ஜூரிச்சின் கூட்டாளி நகரம். அதுவும் தியான்சி என்ற பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. அந்த ஏரியும் சாக்கடையால் கெட்டுப்போனது. குன்மிங்கின் குடிநீர், வடிகால் திட்டங்களுக்கு ஜூரிச் நகரத்தின் பொறியாளர்கள் தொழில்நுட்ப உதவி செய்தார்கள். அதற்கு நன்றியாகக் குன்மிங் கொடுத்த பரிசு இந்தத் தோட்டம். கைவினைஞர்கள் அங்கிருந்து வந்து 1990-களின் தொடக்கத்தில் கட்டினார்கள். நான் இதைச் சொன்னதும் அப்பா வாசலில் நின்று என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். "குடிநீர் வடிகாலுக்கா? அதுக்கா தோட்டம் கட்டிக் குடுத்தாங்க?" ஆமாம் என்றேன். அவர் மதிலைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே போய் ஒவ்வொரு மண்டபமாக, மெதுவாக, நேரம் எடுத்துச் சுற்றினார். ராஜாவுக்கும் தளபதிக்கும் கட்டிய நினைவிடங்களை நம் ஊரிலும் இங்கேயும் நிறையப் பார்த்திருக்கிறேன். சாக்கடைக் குழாய்க்கு நன்றி சொல்லக் கட்டிய தோட்டம் என்று வேறொன்றை நான் பார்த்ததில்லை.

மதியச் சாப்பாட்டை அந்தப் புல்வெளியிலேயே முடித்தோம். அப்போதுதான் அப்பா நொய்யலைப் பற்றிப் பேசினார். நாங்கள் வளர்ந்த காலம் முழுக்க அது வீட்டில் பேச்சாகவே இருந்ததால் எனக்குக் கதை தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொன்னார். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீரைத் தேக்கிவைக்கும் இடமாக ஆகிப்போனது. கீழே இருந்த ஊர்களில் கிணறு உப்பாகி, தென்னை காய்ந்து, விவசாயிகள் நீதிமன்றப் படியேறி, கடைசியில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. "அப்புச்சி என்ன வேலை பாத்தேன் தெரியுமா?" என்று பெரியவனிடம் கேட்டார். "ஆத்தங்கரையிலயே இருக்கற ஊருக்கு, வேற ஆத்துத் தண்ணியைக் குழாய்ல கொண்டு போய்க் குடுத்தேன். வாசல்ல ஆறு ஓடுது. ஆனா குடிக்கறதுக்கு எங்கியோ இருந்து வரோணும்." பெரியவன், அந்த ஊர்க்காரர்கள் ஏன் ஓட்டுப் போட்டு நிறுத்தவில்லை என்று கேட்டான். இங்கே வளர்கிற பிள்ளை, அவனுக்கு அதுதான் முதலில் தோன்றும். அப்பா அவனை ஒதுக்கித் தள்ளவில்லை. நியாயமான கேள்வி என்று எடுத்துக்கொண்டு, மேலே இருப்பவர்களுக்கு வேலை, கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர், இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்திருந்தால் சீக்கிரம் தீர்ந்திருக்கும் என்று விளக்கினார்.

வேலிக்கு அந்தப் பக்கம்

சாயங்காலம் படகில் ஒரு சுற்றுப் போனோம். பூர்க்லி சதுக்கத்திலிருந்து எர்லன்பாக் வரை போய், எதிர்க்கரையில் தால்வில் தொட்டுத் திரும்பும் படகு. நகர எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அம்மா ஒன்றைக் கவனித்தார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. "இந்தப் பக்கம் கரையில ஆளையே காணமே?" உண்மைதான். அதுவரை கரை நிறைய மனிதர்கள். இப்போது வெட்டிச் சீராக்கிய புல்தரை, உயரமான செடிவேலி, ஆளில்லாத படகுத்துறை, பின்னால் பெரிய வீடு. அதற்கு அடுத்தும் அதே. இந்தக் கரைக்குத் தங்கக்கரை என்று பெயர், நாட்டின் பெரும் பணக்காரர்கள் பலர் வசிக்கும் இடம். ஏரி பொதுச்சொத்து, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதன் கரையில் நடக்க முடியாத இடங்கள் மைல் கணக்கில் இருக்கின்றன.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒரு விஷயம் உண்டு. இந்தத் தனியார் தோட்டங்களில் பலவும் ஒரு காலத்தில் ஏரிதான். 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும், ஏரியைத் தூர்த்து நிலமாக்கிக்கொள்ள மாநில அரசு தனியாருக்கு அனுமதி கொடுத்தது. பூர்க்லி செய்ததும் அதே வேலைதான், ஏரிக்குள் மண் கொட்டியது. நகரத்துக்குள் கொட்டிய மண் எல்லோரும் உட்காரும் கரையாக ஆனது, வெளியே கொட்டிய மண் வேலிக்குள் போய்விட்டது. ஒரே ஏரி, ஏறக்குறைய ஒரே காலம். ஏரியைச் சுற்றித் தடையில்லாத நடைபாதை ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை 2024 மார்ச்சில் ஜூரிச் மாநில வாக்கெடுப்புக்கு வந்தது. பெரும்பான்மை மக்கள் வேண்டாம் என்று வாக்களித்துவிட்டார்கள். செலவு, சொத்துரிமை, கரையோரச் செடிகொடிகள் என்று காரணங்கள் சொன்னார்கள். கணவர் அந்தக் காரணங்களில் நியாயம் இருக்கிறது என்கிறார், கரையில் நாணலும் பறவையும் இருக்க இடம் வேண்டும் என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாணலுக்காக விட்ட கரை எது, நீச்சல்குளத்துக்காக அடைத்த கரை எது என்று படகிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. எங்களுக்கு இந்த வாக்குச்சீட்டு வராது. வேறு மாநிலம், குடியுரிமையும் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் படகிலும், பின் பல நாள் இரவுச் சாப்பாட்டிலும் இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம்.

தண்ணீர் போன வழியே

திரும்பும்போது வேகமான ரயிலை விட்டுவிட்டு, பாடன், ப்ருக், ரைன்ஃபெல்டன் வழியாகப் போகும் ரயிலில் ஏறினோம். பிள்ளைகளுக்கு உட்கார இடம் கிடைக்கும் என்பதற்காக எடுத்த முடிவு அது. ஆனால் அப்பாவின் கேள்விக்கு மீதி விடை அந்த ரயில் பாதையில்தான் இருந்தது. வெர்ட்ஹோல்ஸ்லியில் சுத்தமாகி லிம்மாட்டில் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்று அப்பா வரைபடத்தில் விரலை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். பாடனில் லிம்மாட் ஊருக்குக் கீழே ஆழத்தில் ஓடியது. ப்ருக் பக்கத்தில் லிம்மாட், ராய்ஸ், ஆரே என்று மூன்று ஆறுகள் சேர்கின்றன. சேர்ந்த ஆரே வடக்கே போய் ரைனில் விழுகிறது. ப்ருக்கைத் தாண்டி ரயில் ஆரேயை உயரமான பாலத்தில் கடக்கிறது. அப்புறம் மலைக்குள் புகுந்து வெளியே வந்தால், ரைன் பள்ளத்தாக்கு. ரைன் எங்கே போகிறது? பாசெலுக்கு.

"அப்ப நம்ம வீட்டுக் குழாய்ல வர்றது?" என்றார் அப்பா.

கணவருக்கு இது தெரிந்திருந்தது. பாசெலின் குடிநீர் ரைன் தண்ணீர்தான். ஆனால் நேராக வருவதில்லை. ஊரின் எல்லையில் இருக்கும் லாங்கே எர்லன் காட்டிலும், ஆற்றுக்கு மேலே ஹார்ட் காட்டிலும், ரைன் தண்ணீரை மணலில் வடிகட்டி மரங்களுக்கு நடுவே பரப்பிவிடுகிறார்கள். அது மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரோடு சேர்ந்த பிறகு மறுபடி மேலே எடுக்கிறார்கள். ஜூரிச்காரர்கள் கழுவி விட்ட தண்ணீரில் ஒரு பங்கு, மூன்று ஆறுகளைக் கடந்து, ஒரு காட்டு மண்ணுக்குள் இறங்கி, எங்கள் சமையலறைக்கு வருகிறது. நம்பிக் குடிக்கிறோம், பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். 1986 நவம்பர் 1-ஆம் தேதி பாசெலுக்கு வெளியே ஒரு வேதிப்பொருள் கிடங்கு எரிந்து, தீயணைத்த தண்ணீர் ரைனில் இறங்கி, ஆறு சிவந்து, பல நூறு கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்ததைப் பற்றி இங்கே வயதானவர்கள் இன்னும் பேசுவார்கள். மேலே ஒருவன் கவனம் தவறினால் கீழே என்ன ஆகும் என்பது இந்த ஊருக்குப் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை.

அடுத்த வாரம் அப்பா கேட்டுக்கொண்டதால் லாங்கே எர்லனுக்குப் போனோம். டிராமில் போகலாம். காட்டுக்குள் வேலி போட்ட பாத்திகள், முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், தண்ணீருக்குள் மரங்கள் நிற்கின்றன. பத்து நாள் தண்ணீர் நிறுத்துகிறார்கள், இருபது நாள் காயப் போடுகிறார்கள். அப்போதுதான் மண் மூச்சு விட்டு, மறுபடி வடிகட்டும் சக்தி பெறும். அப்பாவுக்கு அதை விளக்கவே தேவையிருக்கவில்லை. கீழ்பவானி வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர். எந்தப் பாத்திக்கு இப்போது முறை, எது காய்கிறது, அடுத்து எதைத் திறப்பார்கள் என்று பெரியவனுக்கு அவரே சொல்லிக்கொண்டு போனார். அம்மா, ஜூரிச்சில் எடுத்த போட்டோக்களைவிட இங்கே எடுத்தவற்றைத்தான் ஊரில் எல்லோருக்கும் அனுப்பினார். கூடவே ஒவ்வொருவருக்கும் குரல் செய்தியில் முழுக் கதையும். சித்தி பதிலுக்கு, காட்டுக்குள் ஏன் வெள்ளம் நிற்கிறது, வடிகால் சரியில்லையா என்று கேட்டிருந்தார். அப்பா போனை வாங்கி விளக்கம் சொல்ல உட்கார்ந்தார்.

இந்தக் கோடையில் சித்தியும் சித்தப்பாவும் வருகிறார்கள். ஜூரிச் போக வேண்டும் என்று இப்போதே கேட்டிருக்கிறார்கள், கட்டாயம் கூட்டிப் போவேன். காலையில் ஏரியும் சீனத் தோட்டமும். மத்தியானத்துக்கு மேல் அதே ரயிலில் கிளம்பி ப்ருக்கில் இறங்கி, ஆறுகள் சேரும் இடத்துக்குப் போவதாக இருக்கிறோம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். அம்மா எங்கே வேலியைப் பார்த்தாரோ, அந்தப் படகுச் சுற்றையும் சேர்க்க வேண்டும் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். நேரம் போதாது என்கிறார். சீக்கிரம் கிளம்பினால் போதும்.